ஆட்காட்டி சொல்லாத பதில்

வாயில் இருந்தால் பாடம் நடக்கும். கீழே விழுந்தால் பாடம் நின்றுவிடும். அது என்ன? நாக்கு என்று சொல்லிவிடாதீர்கள், நாக்கு கீழே விழாது. கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஓர் ஏரிக்கரையில் விலங்குகளின் கல்லூரி இருந்தது. அங்கே மருதன் என்ற இளம் வெளிமான் படித்தான். தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்று எப்போதும் அவனுக்குத்தான். அவன் கால் தரையில் பட்டதா இல்லையா என்று பார்ப்பவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

பாடத்தில்தான் கோளாறு. எந்த இலையைத் தின்னலாம், எது நஞ்சு என்ற தேர்வில் அவன் தோற்றுவிட்டான்.

முதல்வர் நாரை கண்டிப்பானவர். "பக்கத்துக் காட்டுப் பந்தயத்தில் போய் ஓடப் போகிறவன், வழியில் பசித்தால் எதைத் தின்பான்? மறுதேர்வில் தேறட்டும். பிறகு ஓடட்டும்" என்றார்.

மருதன் ஓடாவிட்டால் அவனுடைய அணியே ஓட முடியாது. அதனால் நாரையே மேல்வகுப்பு மாணவி செவ்வந்தியை அவனுக்குத் துணையாக அமர்த்தினார். செவ்வந்தி ஓர் ஆட்காட்டிப் பறவை. எதைக் கண்டாலும் ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்வது ஆட்காட்டிகளின் பழக்கம்.

அவள் ஓர் இலையை வைத்தாள்.

"இது... எரு..." என்று இழுத்தான் மருதன்.

"எருக்கு! நஞ்சு!" என்று கத்தினாள் செவ்வந்தி.

அடுத்த இலையை வைத்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "அகத்தி! தின்னலாம்!" என்றாள்.

"நானும் அதைத்தான் நினைத்தேன் அக்கா."

இருவருக்கும் பரம திருப்தி. இப்படியே பாடம் நடந்தது.

ஒருநாள் அவனுடைய அணியில் ஓடும் குட்டான் முயல் ஓர் இலையைக் கொண்டுவந்தான். "இது என்ன, சொல் பார்ப்போம்."

மருதன் திரும்பிப் பார்த்தான். செவ்வந்தி கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா வந்ததும் சொல்கிறேன்" என்றான்.

"பந்தயத்துக்கும் அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் ஓடுவாயா?" என்று கேட்டான் குட்டான்.

அது செவ்வந்தியின் காதில் விழுந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. "மருதா, ஓட்டம் மட்டும் உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டாள்.

"எங்கள் பயிற்சியாளர் காட்டுப்பன்றி எனக்காக ஒருநாளும் ஓடியதில்லை அக்கா. வளைவில் சறுக்கினால் 'மறுபடி' என்பார். ஏன் சறுக்கினேன் என்று நானேதான் கண்டுபிடிப்பேன்."

செவ்வந்தி கரையோரம் குனிந்து தேடினாள். பிறகு ஒரு கூழாங்கல்லை எடுத்து அலகில் கவ்விக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பாடம் ஓட்டப் பாதையில் நடந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஓர் இலை இருந்தது. மருதன் நடந்துபோய்ப் பெயர் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் செவ்வந்தி காலால் தரையைத் தட்டுவாள். அவன் மறுபடி வந்து முகர்ந்து பார்ப்பான், குளம்பால் நசுக்கிப் பார்ப்பான். ஒருமுறை ஊமத்தை இலை முன்னால் அவன் தடுமாறியபோது அவளால் பொறுக்க முடியவில்லை. "ஊம..." என்றாள். கல் கீழே விழுந்தது.

"பாடம் நின்றுபோச்சு அக்கா" என்று சிரித்தான் மருதன்.

மறுதேர்வு நாள் வந்தது. குட்டானுக்கு, அணி ஓட முடியாமல் போய்விடுமோ என்ற பயம். அவன் செவ்வந்தியிடம் மெதுவாகச் சொன்னான்: "நஞ்சு என்றால் இரண்டு தடவை கத்திவிடு அக்கா. நீ எப்போதும் கத்துகிறவள்தானே, நாரைக்குச் சந்தேகமே வராது."

செவ்வந்தி மருதனைப் பார்த்தாள்.

மருதன் ஒரு கூழாங்கல்லை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

தேர்வில் கடைசி இலை ஒல்லியாக, நீளமாக இருந்தது. மூங்கில் இலையா? பழக்கதோஷத்தில் அவன் செவ்வந்தியைப் பார்த்தான். அவள் அலகு கல்லைக் கவ்வியபடி மூடியே இருந்தது. அவன் இலையைக் குளம்பால் நசுக்கினான். வெள்ளையாகப் பால் கசிந்தது.

"மஞ்சளரளி. தின்னக் கூடாது" என்றான்.

"தேறிவிட்டாய், போய் ஓடு" என்றார் நாரை.

அப்போதுதான் கல் விழுந்தது. செவ்வந்தி போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன.

கற்பவருக்குப் பதிலைச் சொல்லிவிடுவதைவிட, அவரே பதில் கண்டுபிடிக்கும்வரை வாய்மூடிக் காத்திருப்பதே பெரிய உதவி.