சருகுக்குருவி தவிட்டுக்குருவியான கதை

அந்தக் காலத்தில், குருவியும் நரியும் வாய்விட்டுப் பேசிக்கிட்டிருந்த நாளில், பறவைகளுக்கெல்லாம் தையல்சிட்டுதான் பஞ்சில் சட்டை தைத்துக் கொடுக்கும். சாயம் மட்டும் அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

சருகுக்குள் இரை பொறுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. சருகுக்குருவி என்று பேர். கருவேலம்பட்டையை ஊறவைத்துச் சருகு நிறத்தில் சாயம் போடுவார்கள். ஆனால் ஆளுக்கொரு சிரட்டை, ஆளுக்கொரு பக்குவம். ஒருத்தி சட்டை சிவந்து போகும், ஒருத்தி சட்டை சாம்பல் பூத்துப் போகும். நிழலில் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். வெயிலில் இறங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தக் கூட்டத்தில் சடைச்சி என்று ஓர் இளந்தாய். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவாள். அவளுடைய மூத்த குஞ்சின் சட்டை ஒரு பிடி கூடுதலாகச் சிவந்திருந்தது. மேலே பறந்த வல்லூறு அத்தனை பேரையும் விட்டுவிட்டு அதைத்தான் தூக்கிப் போனது.

அடுத்த சட்டை போடும் பருவம் வந்தது. இளைய குஞ்சு முதல்முதலாகத் தரையில் இறங்க வேண்டும். சடைச்சி மனசைத் திடப்படுத்திக்கொண்டு, எல்லாரும் பட்டை ஊறவைத்துக்கொண்டிருந்த இடத்தில் மூத்தவளான மாடத்தியிடம் போனாள்.

“மாடத்தி மதினி, எல்லாருமா ஒரே குழியில சாயம் கலப்பமா?”

“ஏட்டி, என் பட்டைத்தண்ணியில உன் கழுநீரைக் கலக்கவா? போ, போய்ப் புள்ளைக்கு மூக்கைத் துடை.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் இரைக்குப் போனதும் சடைச்சி ஒவ்வொரு சிரட்டையாக அலகால் நெம்பிப் பாறைக்குழியில் கவிழ்த்தாள். நன்றாகக் கலக்கி, குஞ்சின் சட்டையை முதலில் முக்கினாள்.

திரும்பி வந்தவர்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள்.

“பாவி மட்டை! என்னடி நிறம் இது, மாட்டுத்தொட்டித் தவிடு மாதிரி!”

“திட்டுங்க மதினி. திட்டிக்கிட்டே முக்குங்க. வெள்ளைச் சட்டையோடவா கீழ இறங்கப் போறீங்க?”

வேறு சாயம் ஏது? முக்கினார்கள்.

மறுநாள் வல்லூறு வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எதைக் குறிவைப்பது என்று கண் நிற்கவில்லை. வெறும் வயிற்றோடு போய்விட்டது. தன் குஞ்சு எது என்று சடைச்சிக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அன்று முதல்தான் அந்தக் கூட்டத்துக்குத் தவிட்டுக்குருவி என்று பேர். ஒரே நிறம், ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. “என் சாயத்தைக் கெடுத்தியே, என் சாயத்தைக் கெடுத்தியே” என்று மாடத்தி தொடங்கிய சண்டைதான் புதருக்குள் இன்னும் ஓயவில்லை.