ஐந்து வணக்கமும் ஓர் இடுப்பும்

என்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்று நாகைப்பட்டினத்தில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான். பெயர் குழைக்காதன், அரசவைப் புலவன். எங்கள் மன்னரும் அதை நம்பி, காம்போஜ மன்னருக்கு முத்தும் வாழ்த்தும் கொடுத்துவரச் சொல்லி என்னைக் கப்பலேற்றினார்.

கப்பலில் சம்நாங் என்றொரு காம்போஜ மாலுமி இருந்தான். அவனிடம் அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் அவன், “ஐயா, எங்க ஊர்ல கும்பிடுறதுக்கு ஒரு முறை இருக்கு. சம்பியான்னு சொல்வோம். ஆளுக்கு ஓர் உயரம். சொல்லித் தரட்டுமா?” என்றான்.

“போடா! கும்பிடு போட்டே சோறு தின்கிறவன் நான். எனக்கே சொல்லித் தருகிறாயா?” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

காம்போஜக் கரை தெரியும் நேரத்தில் புயல் வந்து பாய்மரத்தை முறித்தது. அத்தனை உயரமான மரம் காம்போஜ மன்னரின் காட்டில்தான் உண்டு. ஊர் திரும்பும் காற்றோ இன்னும் இருபது நாள்தான் வீசும். அதற்குள் மரம் கிடைக்காவிட்டால் கப்பலில் இருந்த முப்பத்திரண்டு பேரும் அடுத்த வருஷம்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

முத்தைக் கொடுத்து அப்படியே மரமும் கேட்கப் போனேன். அரண்மனை வாசலில் பட்டும் சரிகையுமாக ஒருவர் நின்றார். இளவரசர்தான் என்று முடிவுகட்டிப் புருவம்வரை கைதூக்கிக் கும்பிட்டேன். அவர் வாயிற்காவலர். உள்ளே வெறும் வெள்ளைத் துணியில் ஒருவர் நின்றார். கணக்குப்பிள்ளையாக இருக்கும் என்று மார்போடு கையை நிறுத்திக்கொண்டேன். அவர் தலைமை அமைச்சர் ரித்தி. மன்னரைக் கண்டதும் விடுவேனா? உயர உயரத்தானே மரியாதை என்று தலைக்கு மேலேயே தூக்கிவிட்டேன்.

அவையே திரும்பி, மன்னருக்குப் பின்னால் இருந்த தெய்வச் சிலையைப் பார்த்தது.

“மன்னா!” என்று ரித்தி குதித்தார். “சமமானவருக்கு மார்பு. மேலானவருக்கு வாய். தாய் தந்தையருக்கு மூக்கு. அரசருக்குப் புருவம். தெய்வத்துக்கு நெற்றி. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த முறை! இந்த ஆள் காவலனை அரசராக்கினான். என்னைத் தோழனாக்கினான். உங்களைக் கற்சிலையாக்கிவிட்டான்!”

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “என்ன சொல்கிறீர், புலவரே?” என்றார்.

சாமர்த்தியசாலி நான், தூக்கிய கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

“நாளைக் காலை ஒரு சோதனை வைப்போம்” என்றார் ரித்தி. “காவலர், நான், ராஜமாதா, தாங்கள், பின்னால் தெய்வச் சிலை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். அவரவருக்கு உரியது உரியபடி சேர வேண்டும். ஆனால் கூப்பிய கை இம்மியும் அசையக் கூடாது. முடிந்தால் மரம் தரலாம்.”

மன்னர் தலையாட்டிவிட்டார்.

கப்பலுக்குத் திரும்பினேன். சுக்கான் பிடிக்கும் சடையன் ஓடிவந்தான். “புலவரே, வைகாசியில எம் பொண்ணுக்குக் கல்யாணம். நான் போய் நின்னு தாரைவார்த்துக் குடுக்கணும். உங்க வாயைத்தான் மலைபோல நம்பியிருக்கேன்.”

“இது வாய்க்கு வந்த சோதனை இல்லை, சடையா. கைக்கு வந்தது.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அப்பப் போச்சு” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அழுகை வராத குறைதான்.

மறுநாள் அவையில் ஐந்து பேரும் எனக்கு எதிரே வரிசையாக இருந்தார்கள். கையை மார்பில் கூப்பினேன். காவலர் நட்போடு சிரித்தார். ஒருவர் ஆயிற்று. அப்புறம்? ஒன்றும் தோன்றவில்லை. சடையன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. வெட்கத்தில் தலை தானாகக் கவிழ்ந்தது. விரல்நுனி உதட்டில் இடித்தது.

அட!

கை அசையக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? தலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே!

உதட்டில் விரல் இருக்கும்போதே அமைச்சரைப் பார்த்தேன். இன்னும் குனிந்தேன், மூக்குக்கு விரல் வந்தது, ராஜமாதாவுக்கு. இன்னும் குனிந்தேன்; புருவம், மன்னருக்கு. முதுகையும் வளைத்து இன்னும் குனிந்தேன், நெற்றி, தெய்வத்துக்கு.

“கை அசையவே இல்லை!” என்று காவலர் கூவினார்.

“இது ஏமாற்று!” என்றார் ரித்தி. “கையை உயர்த்துவதுதான் மரியாதை!”

குனிந்தபடியே பதில் சொன்னேன்: “ஐயா, உங்களையெல்லாம் உயர்த்த நான் யார்? நீங்கள் ஏற்கெனவே உயரத்தில்தான் இருக்கிறீர்கள். என்னால் முடிந்தது தாழ்வது மட்டும்தான்.”

மன்னர் கைதட்டினார். “பலே! மரம் உமக்குத்தான். நிமிரும், புலவரே.”

நான் நிமிரவில்லை.

“நிமிரும் என்றேனே?”

“மன்னா, கடைசி வணக்கம் தெய்வத்துக்கு. அது ‘போதும்’ என்று சொல்லட்டும்.”

அவை முழுக்க ‘ஆகா’ என்றது. ராஜமாதா மட்டும் என்னை உற்றுப் பார்த்துவிட்டு மன்னரிடம் சொன்னார்: “மகனே, அது பக்தி இல்லை. இடுப்புப் பிடிப்பு. எனக்குத் தெரியாதா அந்த வலி?”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். ரித்திகூடச் சிரித்துவிட்டார். பரிசாக மரத்தோடு ஒரு குடம் தைலமும் கிடைத்தது. நான்கு காவலர்கள் என்னை மடக்குக் கட்டில்போலத் தூக்கிக் கப்பலில் வைத்தார்கள். சடையன் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு வழியில்லை.

புதுப் பாய்மரம் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. நான்தான் நிற்கவில்லை. நாகைத் துறையில் எங்கள் மன்னரே வந்து காத்திருந்தார். என்னைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“குழைக்காதரே! காம்போஜம் போய்வந்ததும் உமக்குத்தான் எத்தனை பணிவு!”

நான் மறுக்கவில்லை. மறுத்துத் தலையாட்ட வேண்டுமென்றால் முதலில் நிமிர வேண்டுமே!