முதல் பந்தி

மங்கலக்குறிச்சித் திருவிழாவின் முதல் நாள் விருந்தில் ஆண்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் முகம் மட்டும் வாடிக்கிடந்தது. ஜமீன்தார் விருதகிரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் சோத்தைத் தின்னுட்டு என்ன உம்முன்னு இருக்கிறது?" என்று கத்தியவர், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி செங்கமலத்தைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு இவங்களைச் சிரிக்க வை. இல்லாட்டி இந்த வீட்டுப் பக்கமே வராதே."

செங்கமலம் கேட்டாள்: "நாளைக்கு மட்டும் நான் சொல்றபடி பந்தி நடக்கணும், எசமான்."

"நடக்கட்டும்."

மறுநாள் பெண்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பரிமாறினார்கள். ஜமீன்தார் கையில் சாம்பார் வாளி. "இங்கே ஊத்துங்க!", "அப்பளம் எங்கே?" என்று நாலா பக்கமும் குரல்கள். அவர் ஓடிய ஓட்டத்தில் தலைப்பாகை நழுவிக் கண்ணை மறைத்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசியில் அவர் இலைமுன் உட்கார்ந்தபோது ஆறிப்போன சோறும் அடிவாளி ரசமும்தான் மிச்சம்.

"எசமான் ஏன் உம்முன்னு இருக்கீங்க? உங்க சோறுதானே?" என்றாள் செங்கமலம்.

அவர் இடுப்பைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். அபிராமவல்லி செங்கமலத்தின் ஈரக் கைகளைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி வந்ததிலிருந்து விருந்துன்னு ஒண்ணை இன்னிக்குத்தான் சூடாச் சாப்பிட்டேன். நீ நல்லா இருக்கணும்."

செங்கமலத்திடம் திரும்பிய ஜமீன்தாரின் குரல் தணிந்தது. "நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது, தாயி."

அடுத்த வருஷம் சாம்பார் வாளியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.