பத்தொன்பதில் அழுக்கு

ஆய்வுக் கட்டுரை எழுதிய எட்வின் சார் அதில் தன் பெயரை விட்டுவிட்டார் என்பதில் தொடங்கித்தான் ஆய்வக உதவியாளர் சங்கிலிமுத்து எதையும் பேசுவார். அன்றும் அப்படித்தான்.

"பதினோரு வருஷம் ஆச்சு, மேடம். மரபணு இருக்கிற இடத்தைக் காட்டினது நான். கட்டுரையில பேரு அந்த ஆளுக்கு மட்டும்."

டாக்டர் மங்கையர்க்கரசி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சங்கிலிமுத்துவைவிட அவருக்குப் பத்து வயது குறைவு. எட்டாவதோடு நின்ற மனிதருக்குச் செல் வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரம். அதில் எண்பது புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு. எது எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று வரைபடம் போடுவது அந்த ஆய்வகத்தின் வேலை.

இருபத்து நான்கு குப்பிகளில் எலிச் செல்கள். குப்பிக்கு ஒரே ஒரு மனிதக் குரோமோசோம். அவற்றின் டி.என்.ஏ.வைக் கூழில் ஓடவிட்டுப் படம் எடுத்தால், எந்தக் குப்பிக்குக் கோடு விழுகிறதோ, அதில் மரபணு.

பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஒரு மரபணுவைத் தேடியபோது, ஆறாம் குப்பிக்குக் கோடு விழுந்தது. பார்த்துச் சொன்னவர் சங்கிலிமுத்து.

"இந்த மாசத்தோட நான் ரிட்டையர்டு. அதுக்குள்ள என் பேரு எங்கயாவது ஒரு மூலையில அச்சாகணும், மேடம்."

"அச்சாகப் போகுது, அண்ணே."

டாக்டர் ஒரு தாளை நீட்டினார். அந்தக் கட்டுரைக்கு எட்வின் எழுதிய திருத்தம். அந்த மரபணு ஆறில் இல்லை. எங்கே என்று தெரியவில்லை. பிழை, உதவியாளர் சங்கிலிமுத்துவுடையது.

சங்கிலிமுத்து தாளைத் தள்ளினார்.

"பொய்! என் கண்ணால பார்த்தேன்!"

டாக்டர் பழைய படத்தைத் தேடியெடுத்து விளக்குப் பெட்டிமேல் வைத்தார். ஆறுக்கு நேரே, கீழே, பளிச்சென்று ஒரு கோடு.

"இது என்ன?"

"மரபணு."

"அளவு கச்சிதமா இருக்கு, இல்லே?"

"ஆமா!"

"அது செத்த நகல், அண்ணே. எதுக்கும் உதவாது. உயிருள்ளதுக்கு நடுநடுவுல வேண்டாத துண்டு இருக்கும். அதனால நீளம். சின்னது கூழில கீழ வரை ஓடும்; நீளமானது ஓடாது, மேலேயே நின்னுடும்."

சங்கிலிமுத்து குனிந்தார்.

பத்தொன்பதுக்கு நேரே, மேலே, மங்கலாக ஒரு கோடு. பக்கத்தில் பென்சிலில் அவருடைய கையெழுத்து: 'அழுக்கு'.

நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்காரப் போனார். டாக்டர் ஒன்றை இழுத்துப் போட்டார்.

"செத்ததுக்கா நான் பதினோரு வருஷம்..."

டாக்டர் பேனாவை அவர் முன்னால் வைத்தார்.

"உயிருள்ள மரபணு பத்தொன்பதுல இருக்குன்னு கண்டது சங்கிலிமுத்துன்னு இந்தத் திருத்தத்துல சேர்க்கிறேன். பிழையும் சங்கிலிமுத்துன்னு இருக்கும். வேண்டாம்னா ரெண்டையும் அடிச்சிடுங்க."

சங்கிலிமுத்து பேனாவைத் தொடவில்லை.

"ரெண்டும் இருக்கட்டும்."

"எட்வின் மேல இருக்கிற கோபம்?"

"அது வேற, மேடம். செத்ததோ உயிருள்ளதோ, அன்னைக்கு என் பேரை விட்டதுக்கு அந்த ஆள் இன்னும் பதில் சொல்லலே."