ஆவுடையப்பன் மிச்சம் பிடித்த நேரம்

“மிதிச்சா பறக்குற வண்டியைக் கையில குடுத்துட்டு எண்பதைத் தாண்டாதேங்கிறியே, இது என்ன நியாயம் வாத்தியாரம்மா?”

கேட்டவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தெட்டு. திருச்சி மதுரை பிரைவேட் பஸ்ஸில் இருபத்தேழு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவர். முன்னால் ஒரு வண்டி போனால் அவருக்குச் சோறு இறங்காது.

வாத்தியாரம்மா என்றது ஆக்னஸை. அவளுக்கு முப்பத்திரண்டு. திருச்சியில் ஒரு எலெக்ட்ரிக் டாக்சி கம்பெனியில் புதிதாகச் சேரும் டிரைவர்கள் பக்கத்தில் பத்து நாள் உட்கார்ந்து தொழில் சொல்லிக்கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள்.

“ஐம்பதுல போங்க அண்ணாச்சி. வலது கையை வெளிய நீட்டுங்க.”

நீட்டினார்.

“என்ன தெரியுது?”

“காத்து வருது. நல்லா இருக்கு.”

“இப்ப நூறு.”

நூறில் கை பின்னால் போனது. முழங்கை ஜன்னலில் இடித்தது.

“தள்ளுதும்மா.”

“ஒரு கைக்கே இந்தப் பாடு. வண்டி தன் உடம்பு முழுசையும் வச்சு அதைத் தள்ளிக்கிட்டுப் போகணும். வேகம் ஏற ஏற சார்ஜெல்லாம் காத்துக்குத்தான்.”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பஸ்ஸுலயும்தான் காத்து அடிச்சுது தாயி. நான் அசந்தேனா? டிரிப்புக்கு இருபது நிமிஷம் மிச்சம் பிடிச்சவன் நான்.”

“இருபத்தேழு வருஷமுமா?”

“பின்னே?”

“அவ்வளவு நேரத்தையும் எங்க வச்சிருக்கீங்க?”

ஆவுடையப்பன் ஹாரனை அடித்தார். முன்னால் யாருமே இல்லை.

*

அன்றைக்கு மத்தியானம் ஊரிலிருந்து போன். அண்ணன் சங்கரலிங்கம். கங்கைகொண்டான் பக்கம் சின்ன ஊர்.

“ஒரு நாள் வந்து இருந்துட்டுப் போயேன்டே.”

“வாறேன்ணே. டயம்தான் இல்ல.”

“சரி. வரும்போது பைய வாடே.”

போனை வைத்ததும் ஆக்னஸ் கேட்டாள். “பையன்னா?”

“மெதுவான்னு அர்த்தம். எங்க ஊர்ப் பேச்சு. எப்ப போனை வச்சாலும் இதைச் சொல்லித்தான் வைப்பாரு.”

“கடைசியா எப்பப் போனீங்க?”

“நாலு வருஷம் இருக்கும். கல்யாண டிரிப்பு முடிச்சுக் காலி பஸ்ஸோட வர்ற வழியில எட்டிப் பாத்தேன். வண்டியை ஆஃப் பண்ணாமலே நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துட்டேன்.”

அதில் அவருக்குப் பெருமை வேறு.

*

பத்தாம் நாள் காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. அண்ணன் விடியற்காலையில் போய்விட்டார். மூணு மணிக்கு எடுக்கிறார்கள்.

ஆவுடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“முகத்தைப் பாக்கணும் தாயி. எடுக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை பாக்கணும்.”

ஆக்னஸ் கம்பெனியில் பேசி அந்த வண்டியையே வாங்கினாள். நான் ஓட்டுகிறேன் என்றாள். அவர் சாவியை விடவில்லை. அவள் கணக்குச் சொன்னாள்.

“இருநூத்தி எண்பது கிலோமீட்டர். சார்ஜ் முழுசா இருக்கு. எண்பதுல போனா நிக்காமலே போகலாம். ரெண்டரைக்கு அங்க இருப்போம்.”

“ரெண்டரையா? என் அண்ணன் செத்துக் கிடக்காரு!”

விராலிமலை தாண்டும்போதே நூற்றிப்பத்து.

“அண்ணாச்சி, எண்பது.”

துவரங்குறிச்சியில் நூற்றிப்பதினைந்து.

“அண்ணாச்சி.”

“பேசாம வாம்மா!”

அவள் ஜெபமாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

சாத்தூரை நெருங்கும்போது மணி ஒண்ணு பத்து. இன்னும் அறுபத்தைந்து கிலோமீட்டர். சார்ஜ் பதினாலு சதவீதம்.

சார்ஜ் போடும் இடத்தில் இரண்டு மெஷின். ஒன்று வேலை செய்யவில்லை. மற்றதன் முன்னால் இரண்டு கார்கள், அதில் ஒன்றுக்குள் ஒரு குடும்பம் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் போய்க் கெஞ்சினார். முதல் கார்க்காரர் பாவப்பட்டு வயரைக் கழற்றிக் கொடுத்தார். சொருகினார்கள். ஏறவில்லை. திரும்பச் சொருகினார்கள். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்தே போனது.

மணி ஒண்ணு நாற்பது.

பஸ்ஸில் ஏறலாமா என்று ஒரு கணம் ரோட்டைப் பார்த்தார். கோவில்பட்டியில் பஸ்ஸை எவ்வளவு நேரம் போட்டு வைப்பான் என்று அவருக்குத் தெரியாததா? திரும்பி ஆக்னஸிடம் கத்தினார்.

“உனக்குத் தெரியும்ல? ஏன் என் கையைப் பிடிச்சு நிறுத்தல?”

“அண்ணனைப் பறிகொடுத்தவர் கையை எப்படிண்ணாச்சி பிடிப்பேன்?”

அவர் அழுதார். அவளும் அழுதாள்.

பிறகு அவள் ஏசியை அணைத்தாள்.

“ஐம்பது. அதுக்கு மேல ஒண்ணுகூட வேணாம். போய்ச் சேரும்.”

“மூணுக்குள்ளயா?”

அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

*

இடது ஓரமாக ஐம்பதில் போனார்.

லாரிகள் முந்தின. வைக்கோல் ஏற்றின மினி லாரி முந்தியது. ஒரு பிரைவேட் பஸ் பின்னால் வந்து ஹாரனை விடாமல் அடித்தது. தாண்டும்போது அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, “தள்ளிக்கிட்டாவது போ பெருசு” என்றான்.

அந்த வார்த்தையை ஆவுடையப்பனே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்!

வண்டிக்குள் சத்தமே இல்லை. இன்ஜின் உறுமல் இருந்தால் மனசு அதில் ஒளிந்துகொள்ளும். இதில் அதுவும் கிடையாது.

கோவில்பட்டி தாண்டினதும் அவராகவே பேசினார்.

“அன்னைக்கு பஸ்ஸை ஆஃப் பண்ணாம நின்னேன்ல, எனக்காக இட்லி ஊத்தி வச்சிருந்தாங்க. அண்ணி தட்டோட வாசலுக்கே வந்தா. நான் இறங்கல.”

ஆக்னஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு அரை மணி உக்காந்திருக்கலாம் தாயி.”

சார்ஜ் ஐந்து. பிறகு மூன்று.

கங்கைகொண்டானில் மேற்கே திரும்பும்போது மணி மூணு. மூணே காலுக்கு ஊர் எல்லையில் பறைச்சத்தம் கேட்டது. பாதையெல்லாம் பூ சிந்திக் கிடந்தது.

எடுத்துவிட்டார்கள்.

ஆக்னஸ் மெல்லக் கேட்டாள். “முன்னால போயிடலாமா? வயக்காட்டுப் பாதை ஒண்ணு தெரியுது.”

ஆவுடையப்பன் தலையாட்டி மறுத்தார். வண்டியை ஓரம் கட்டினார். சார்ஜ் ஒரு சதவீதம் காட்டியது. ஆஃப் பண்ணினார். செருப்பைக் காலடியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி ஓடினார்.

மேற்கே மேகம் கறுத்து நின்றது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று தூக்கினவர்கள் விரசாக நடந்துகொண்டிருந்தார்கள். ஓடி வருகிறவரை, பாடையின் பின்கொம்பைச் சுமந்த அண்ணன் மகன் கோமதிநாயகம் பார்த்துவிட்டான்.

“சித்தப்பா! வருவீங்க வருவீங்கன்னு இருந்து பாத்துட்டுத்தான் எடுத்தோம்.”

அவர் பாடையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“சுடுகாட்டுல ஒரு தடவை முகத்தைத் திறப்போம். அழாதீங்க. இப்பம் தோள் குடுங்க.”

தோளில் கொம்பு ஏறியது. அண்ணன் கனமாகத்தான் இருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். சுடுகாட்டுக் கொட்டகை கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. நூறு அடி இருக்கும். அதற்கும் குறைவாக இருக்கும்.

“பையப் போங்கய்யா,” என்றார் ஆவுடையப்பன். “கொஞ்சம் பையப் போங்க.”