வால் தாழாத வெள்ளையன்

அந்தக் காலத்தில், மாடும் காக்கையும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, ரோமர் நாட்டு மலையடிவாரத்தில் வெள்ளையன் என்றொரு காளை இருந்தான். அழகன். அது அவனுக்கும் தெரியும். அதிலும் வாலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் போதும், தலைகால் புரியாது. சேற்றில் இறங்கினாலும் வாலை மட்டும் தூக்கிக்கொண்டுதான் இறங்குவான். அவனை வளர்த்தவன் மித்திரன். பெயருக்கேற்ற நல்ல நண்பன்.

அப்போது பூமியில் தானியம் என்ற ஒன்றே கிடையாது. மக்கள் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். ஒரு வருடம் அதுவும் தீர்ந்துபோயிற்று. குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தன.

சூரியனின் தூதனாகக் காக்கை பறந்து வந்தது.

"ஐயா சொல்லி அனுப்பினாரு. விதையெல்லாம் வெள்ளையன் உடம்புக்குள்ளதான் இருக்காம். அவன் ரத்தம் மண்ணுல விழுந்தாத்தான் முளைக்குமாம். அதுவும் மித்திரன் கையாலதான் நடக்கணுமாம்."

"முடியாதுன்னு போய்ச் சொல்லு உங்க ஐயாகிட்ட!" என்று கத்திய மித்திரன், வெயில் எட்டாத ஒரு குகைக்குள் வெள்ளையனை ஒளித்துவைத்தான்.

வெள்ளையனுக்கும் உயிர்மேல் ஆசைதான். இருட்டில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டான். ஆனால் காக்கை விடுமா? தேடிப் பிடித்து வந்து குகை வாசலில் உட்கார்ந்தது.

"ஏன் வெள்ளையா, வாலைச் சுருட்டிக்கிட்டியா?"

வெள்ளையன் திரும்பிப் பார்த்தான். நிஜமாகவே வால் காலிடுக்கில் சுருண்டு கிடந்தது. பிறந்ததிலிருந்து அப்படிக் கிடந்ததே இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து நின்றான்.

"மித்திரா, கத்திய எடு."

"உன்னைக் கொன்னுட்டு நான் என்னடா நண்பன்?"

"பச்சப்புள்ளைங்க பட்டினி கிடக்கும்போது என்னை ஒளிச்சு வெச்சா மட்டும் நண்பனா? கயிறெல்லாம் வேணாம். நானே மண்டி போடறேன். நீ என் முகத்தைப் பாக்காதே. பாத்தா உனக்குக் கை வராது."

சொன்னபடியே மண்டியிட்டான். மித்திரன் முகத்தைக் காக்கைப் பக்கம் திருப்பிக்கொண்டு கத்தியை இறக்கினான்.

ரத்தம் மண்ணில் கொட்டியது. வெள்ளையனின் தலை சாய்ந்தது. வால் மட்டும் சாயவில்லை. மேலே எழும்பி, நுனி மயிரெல்லாம் திரண்டு, பச்சைக் கதிராகிப் பொன்னாக முற்றியது. அதுதான் உலகத்தின் முதல் கோதுமை.

மித்திரன் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே, "வந்து பாருங்கய்யா என் காளையை!" என்று ஊரையே கூப்பிட்டுக் காட்டினான். மக்கள் அந்தக் கதிரை உதிர்த்து விதைத்தார்கள். வயிறு நிறைந்த பிறகு, அதே குகையில் வெள்ளையனையும் மித்திரனையும் கல்லில் செதுக்கிக் கும்பிட்டார்கள். அதைப் பார்த்து ஊர் ஊராக மித்திரன் கோயில்கள் எழும்பின.

அன்று முதல்தான் கோதுமைக் கதிருக்கு மாட்டுவால் மயிர்போல மீசை இருக்கிறது. அன்று முதல்தான், மண்மூடிப்போன மித்திரன் கோயில்களைத் தோண்டியெடுக்கும் இந்த நாளிலும், கல்லில் மித்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, மண்டியிட்ட வெள்ளையனின் வால் மட்டும் கதிரோடு நிமிர்ந்து நிற்கிறது.