சாத்திய கதவு

ஆற்றங்கரை மடத்தில் வைத்தியசாலை ஒன்று இருந்தது. அந்தக் கோடையில் வாந்திபேதி பரவியது. வண்டி வண்டியாக நோயாளிகள் வந்தார்கள். படுக்கப் பாய் போதவில்லை. பலர் வெறுந்தரையில் படுத்தார்கள்.

பணிவிடை செய்தவர்களில் அங்கமுத்து என்று ஒருவன். ஒரு காலையில் கிழவர் ஒருவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தவன், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். கை மட்டும் புகட்டிக்கொண்டே இருந்தது. கிழவருக்குப் புரையேறி மூச்சு நின்றது.

அங்கமுத்து கண் விழித்தான். கிழவரின் வாயைத் துடைத்துவிட்டான். கையைக் கழுவிக்கொண்டு வெளியே நடந்தான். திரும்பி வரவில்லை. அடுத்தடுத்து இன்னும் சிலர் சொல்லாமல் போனார்கள்.

வைத்தியசாலையின் நிர்வாகம் தில்லைநாயகத்திடம் இருந்தது. மடத்திலேயே இருந்து தலை நரைத்த சீடர். அவர் குருவிடம் போனார்.

"ஐயா, போகிறவர்களை எப்படி நிறுத்துவது?"

குருவின் பெயர் ஆதிமூலம். மருந்து இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்தவில்லை.

"நீ என்ன செய்தாய்?"

"தினமும் விடியலில் சேவையின் பெருமையைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மாலை போட்டு வணங்கினேன்."

"தூங்கினார்களா?"

"தூங்க எங்கே ஐயா நேரம்?"

ஆதிமூலம் உலக்கையை வைத்துவிட்டு எழுந்தார்.

கூடத்தில் வெள்ளையம்மாள் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். பணிவிடைக்காரர்களில் மூத்தவள். அவள் கண்கள் திறந்திருந்தன.

"கடைசியாக எப்போது தூங்கினது, அம்மா?" என்று கேட்டார் குரு.

"எந்தப் பாயில் இருக்கிறவங்களைக் கேக்கறீங்க, ஐயா?"

குரு தில்லைநாயகத்தைப் பார்த்தார். "வாசல் கதவைச் சாத்து. உச்சிப்பொழுது வரை யாரையும் உள்ளே விடாதே. இவர்கள் எல்லோரும் போய்ப் படுக்கட்டும். உள்ளே இருக்கும் நோயாளிகளை நீயும் நானும் பார்ப்போம்."

"வண்டிங்க வருமே ஐயா," என்றாள் வெள்ளையம்மாள். "வாசல்ல வந்து நிப்பாங்களே."

"அவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். நீ படு."

பணிவிடைக்காரர்கள் மருந்தறைத் தரையில் படுத்தார்கள். தலைக்கு எதையும் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. படுத்ததும் தூங்கிப்போனார்கள்.

வெயில் ஏறுவதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் தன் மனைவியைக் கையில் ஏந்தியபடி கதவைக் காலால் உதைத்தான். குரு வெளியே வந்து கதவைத் தமக்குப் பின்னால் சாத்திக்கொண்டார்.

"இப்போது உள்ளே இடமில்லை, அப்பா. பார்க்க ஆளுமில்லை."

"அதான் நீங்க இருக்கீங்களே சாமி!"

"புளியமரத்து நிழலில் படுக்க வை. என்னால் முடிந்ததைச் செய்கிறேன்."

உப்புப் போட்ட கஞ்சித் தெளிவைக் கொண்டுவந்து துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக அவள் வாயில் விட்டார். பவளம், பவளம் என்று புருஷன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

உள்ளேயிருந்து தில்லைநாயகம் ஓடிவந்தார். அவர் வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. "ஐயா, கிழக்கு வரிசையில் ஒரு பையனுக்கு இழுக்கிறது. உடனே வாருங்கள்."

குரு உள்ளே போனார். பையன் மூச்சு சீரானதும் திரும்பி மரத்தடிக்கு வந்தார். தில்லைநாயகம் மறுபடியும் கூப்பிட்டார், குரு மறுபடியும் போனார். இப்படியே நடந்தது. தில்லைநாயகத்தால் தாங்க முடியவில்லை.

"வெள்ளையம்மாளை மட்டுமாவது எழுப்புகிறேன், ஐயா."

"எழுப்பாதே."

"வெளியே அந்தப் பெண் போய்விடுவாள்!"

"தெரியும். எழுப்பாதே."

அடுத்த முறை குரு மரத்தடிக்கு வந்தபோது, வாயில் விட்ட தெளிவு கடைவாயில் வழிந்தது. அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்தார்.

புருஷன் கேட்டான். "உள்ள கொண்டுபோயிருந்தா பொழச்சிருப்பாளா?"

"பிழைத்திருக்கலாம்."

அவன் குருவின் முகத்தில் காறித் துப்பினான். குரு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பிணத்தை வண்டியில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக அவனால் தூக்க முடியவில்லை.

உச்சிப்பொழுதில் கதவு திறந்தது. வெள்ளையம்மாள் எழுந்து வந்தாள். கன்னத்தில் தரையின் அச்சு பதிந்திருந்தது.

"யாராவது வந்தாங்களா?"

தில்லைநாயகம் வேறு எதையோ சொல்ல வாயெடுத்தார். குரு முந்திக்கொண்டார்.

"ஒரு பெண் வந்தாள். இறந்துவிட்டாள். கதவைச் சாத்தச் சொன்னது நான்."

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கஞ்சிப் பானையைத் தூக்கினாள்.

பணிவிடைக்காரர்களில் மற்றொருத்தி அப்போதே ஊருக்குக் கிளம்பினாள். குரு தடுக்கவில்லை. வழிக்குச் சோறு கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

தில்லைநாயகம் காத்திருந்து கேட்டார். "ஐயா, இன்று நாம் செய்தது தர்மமா?"

"இல்லை."

"நாளைக்கும் கதவைச் சாத்தச் சொல்வீர்களா?"

"சொல்வேன்."

"நாளைக்கும் வாசலில் ஒருவர் செத்தால்?"

ஆதிமூலம் உலக்கையைக் கையில் எடுத்தார்.

"இங்கே நடந்த ஒவ்வொரு சாவையும் தங்கள் கை செய்ததாகவே இவர்கள் சுமந்துகொண்டிருந்தார்கள், தில்லைநாயகம். நாம் மாலை போட்டுக்கொண்டிருந்தோம். நாளைக்குச் செத்தால், என் பெயரைச் சொல்."